காய்ச்சலை மருந்தாக்கிய டாக்டர்

1890-ம் ஆண்டு. அக்டோபர் மாதம். அமெரிக்காவின் நியூயார்க் நகரம்.

ஒரு டாக்டரைத் தேடி 17 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் பெயர் பெஸ்ஸி டாஷியல். அந்த ஆண்டு கோடையில் அவள் ரெயிலில் நெடும் பயணம் போய் வந்தாள். அப்போது இரண்டு இருக்கைகளுக்கு நடுவே அவளது வலது கை சிக்கி அடிபட்டது. சின்னக் காயம்தான். ஆனால் வலி போகவில்லை. வீக்கமும் வடியவில்லை.

டாக்டருக்கு வயது 28. படித்து முடித்து, தொழில் தொடங்கிய நேரம். சாதாரண வீக்கம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் நாளுக்கு நாள் வலி கூடியது. வீங்கிய இடத்தில் இருந்து சிறிது சதையை எடுத்துச் சோதித்தார்கள். உண்மை தெரிந்தது.

அது புற்று நோய்! எலும்பிலும் சதையிலும் தோன்றும் சார்க்கோமா என்ற கொடிய வகை.

அந்தக் காலத்தில் இதற்கு ஒரே வழிதான் உண்டு. கையை வெட்டி எடுப்பது. நவம்பர் மாதத்தில் முழங்கைக்குக் கீழே பெஸ்ஸியின் கை வெட்டப்பட்டது. கையை எடுத்த டாக்டர் அவர்தான்.

கை போனது. நோய் போகவில்லை. சில வாரங்களில் உடம்பெங்கும் கட்டிகள் எழும்பின. 1891-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி பெஸ்ஸி இறந்து போனாள். டாக்டர் அவளுடைய படுக்கை அருகிலேயே இருந்தார்.

அந்த டாக்டரின் பெயர் வில்லியம் கோலி. பெஸ்ஸியின் மரணம் அவரை உலுக்கி விட்டது. அன்று தொடங்கிய தேடலை அவர் சாகும் வரை விடவில்லை.

வாத்தியார் டாக்டரானார்

வில்லியம் கோலி 1862-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பிறந்தார். கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்தவர். ஏல் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு இரண்டு ஆண்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தார். ஆனாலும் மனம் வைத்தியத்தின் மேல்தான் இருந்தது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1888-ம் ஆண்டில் டாக்டரானார்.

பெஸ்ஸி இறந்த பிறகு கோலி ஒரு காரியம் செய்தார். நியூயார்க் ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டத் தொடங்கினார். சார்க்கோமா வந்தவர்கள் யார், யார்? அவர்களுக்கு என்ன நேர்ந்தது? யாராவது ஒருவர் பிழைத்தது உண்டா?

பக்கத்துக்குப் பக்கம் சாவுதான் எழுதியிருந்தது.

ஒரு பக்கத்தில் மட்டும் வேறு கதை இருந்தது!

சாக வேண்டியவர் சாகவில்லை

அந்த நோயாளியின் பெயர் ஸ்டைன். ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்தவர். கழுத்தில் சார்க்கோமா கட்டி. டாக்டர்கள் பல தடவை அறுத்து எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கட்டி மறுபடி முளைத்தது. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் கைவிட்டார்கள்.

அந்த நேரத்தில் அவருக்கு இன்னொரு நோய் தொற்றியது. அதன் பெயர் எரிசிப்பலஸ். தோலில் ஒரு வகைக் கிருமி புகுந்து, தோல் நெருப்புப் போலச் சிவந்து வீங்கும். காய்ச்சல் கொதிக்கும். அந்த நாளில் பலர் அதனால் செத்தார்கள்.

பட்ட காலிலே படும் என்பார்களே, அது போலத்தான் இருந்தது ஸ்டைன் நிலை. ஆனால் நடந்தது வேறு. காய்ச்சல் அடித்தது. கட்டி சுருங்கியது. மறுபடியும் அடித்தது. கட்டி கரைந்தே போனது! எழுந்து நடந்து வீட்டுக்குப் போய் விட்டார். பதிவேட்டில் அதோடு கதை முடிந்திருந்தது.

கோலிக்கு அது போதவில்லை. அந்த ஆள் இப்போதும் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிய வேண்டும்.

நியூயார்க் நகரின் கீழ்க்கோடியில், ஏழைகள் நெருக்கி அடித்து வாழும் அடுக்கு வீடுகளில் ஏறி இறங்கினார். கழுத்தில் பெரிய தழும்பு உள்ள ஜெர்மானியர் யாராவது உண்டா என்று விசாரித்தார். தேடி அலைந்து, கடைசியில் கண்டுபிடித்து விட்டார்.

ஸ்டைன் நல்ல உடல்நலத்தோடு இருந்தார். ஏறத்தாழ ஏழு ஆண்டு ஓடியிருந்தது. புற்று நோயின் அடையாளமே இல்லை.

தானாக வந்த காய்ச்சல் புற்று நோயைத் தீர்த்தது. அப்படியானால், அதே காய்ச்சலை டாக்டரே வரவழைத்தால் என்ன?

நினைக்கவே பயங்கரமான யோசனை. கோலி துணிந்தார்.

105 டிகிரி காய்ச்சல்

1891-ம் ஆண்டு மே மாதம். இத்தாலியில் இருந்து வந்த ஜோலா என்ற நோயாளிக்கு வயது 35. கழுத்திலும் தொண்டைக்குள்ளும் கட்டிகள். சாப்பிட முடியவில்லை. பேச முடியவில்லை. சில வாரங்கள்தான் உயிரோடு இருப்பார் என்ற நிலை.

எரிசிப்பலஸ் உண்டாக்கும் உயிருள்ள கிருமிகளைக் கோலி அவர் உடம்பில் ஊசி மூலம் செலுத்தினார். காய்ச்சல் சரியாக வரவில்லை. மறுபடி போட்டார். மாதங்கள் ஓடின. அக்டோபர் மாதத்தில் வீரியம் மிகுந்த புதுக் கிருமிகளைச் செலுத்தினார்.

சிறிது நேரத்தில் குளிர் உதறியது. வாந்தி வந்தது. காய்ச்சல் 105 டிகிரிக்கு ஏறியது. ஜோலா பிழைப்பாரா என்றே சந்தேகம்.

பெனிசிலின் போன்ற மருந்துகள் வருவதற்கு 50 ஆண்டுக்கு முந்திய காலம் அது. கிருமி மிஞ்சிப் போனால் தடுக்க வழி கிடையாது.

இரண்டாம் நாள் கழுத்துக் கட்டி உடைந்து கசியத் தொடங்கியது. இரண்டு வாரத்தில் மறைந்து போனது! ஜோலா எழுந்தார். மேலும் எட்டரை ஆண்டு உயிர் வாழ்ந்தார்.

ஆனால் எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை. சிலருக்குக் காய்ச்சலே வரவில்லை. இரண்டு பேர் புற்று நோயால் அல்ல, செலுத்திய கிருமியாலேயே இறந்தார்கள். அந்த இரண்டு மரணமும் கோலியை வாட்டின.

உயிருள்ள கிருமி வேண்டாம் என்று முடிவு செய்தார். கிருமிகளைச் சூடாக்கிக் கொன்றார். அதோடு வேறு ஒரு வகைக் கிருமியையும் கொன்று சேர்த்தார். செத்த கிருமியால் நோய் தொற்றாது. ஆனால் காய்ச்சல் வரும். அந்த மருந்துக்குக் கோலியின் நச்சு மருந்து என்ற பெயர் நிலைத்தது.

1893-ம் ஆண்டு ஜனவரியில் ஓர் இளைஞருக்கு அதைக் கொடுத்தார். வயிற்றில் பெரிய கட்டி. அறுத்து எடுக்க முடியாதது. சில நாளுக்கு ஒரு தடவை ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் காய்ச்சல். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கட்டி கொஞ்சம் சுருங்கியது. சில மாதங்களில் கட்டி கரைந்தது. அந்த இளைஞர் 26 ஆண்டு வாழ்ந்து, 1919-ம் ஆண்டு மாரடைப்பால் இறந்தார். புற்று நோய் திரும்பி வரவே இல்லை.

எதிர்ப்புப் புயல்

இத்தனை பேர் பிழைத்தும் டாக்டர்கள் ஏன் கோலியை நம்பவில்லை?

அதற்குக் காரணம் உண்டு. அவர் மருந்து ஒரே மாதிரியாக இருக்கவில்லை. பத்துக்கும் மேற்பட்ட வகையில் தயாரானது. சிலவற்றில் வீரியம் இருந்தது. சிலவற்றில் இல்லை. சிலருக்குக் கட்டியிலேயே ஊசி போட்டார். சிலருக்கு வேறு இடத்தில் போட்டார். மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் இல்லை. ஆகவே அவர் சொன்ன கணக்கை மற்றவர்கள் ஏற்கத் தயங்கினார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 1895-ம் ஆண்டில் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ரேடியமும் வந்தது. கதிரைக் காட்டினால் கட்டி கண் முன்னே சுருங்கியது. அளவு வைத்துக் கொடுக்கலாம். எல்லா டாக்டர்களும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

கோலி வேலை பார்த்த மெமோரியல் ஆஸ்பத்திரியில் ஜேம்ஸ் ஈவிங் என்ற பெரிய நிபுணர் இருந்தார். எலும்பில் வரும் ஒரு வகைப் புற்று நோய் இன்றைக்கும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அவர் கதிர் வைத்தியத்தின் பக்கம். கோலியின் மருந்தைக் கடுமையாக எதிர்த்தார். ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பெரியவர்கள் எதிரும் புதிருமாக இருந்தார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை ஒன்று இருந்தது. காய்ச்சல் வந்தால் கட்டி ஏன் கரைகிறது? இந்தக் கேள்விக்குக் கோலியிடம் பதில் கிடையாது. கண்ணால் கண்டதைச் சொன்னார். காரணம் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்தில் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

1936-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி வில்லியம் கோலி காலமானார். வயது 74. அவரது மருந்தும் அவரோடு போய் விட்டதாகவே உலகம் நினைத்தது.

மகள் எடுத்த வழக்கு

கோலிக்கு ஹெலன் என்று ஒரு மகள். டாக்டர் அல்ல. கல்லூரிப் படிப்பும் இல்லை. அப்பாவின் வாழ்க்கையை எழுதலாம் என்று அவர் விட்டுச் சென்ற காகிதங்களை எடுத்தார். நோயாளிகளின் விவரங்களும் கடிதங்களும் குவிந்து கிடந்தன.

படிக்கப் படிக்க ஹெலனுக்கு ஆச்சரியம். பிழைத்தவர்கள் இத்தனை பேரா? வாழ்க்கை வரலாறு எழுதுவதை விட்டார். மருத்துவ நூல்களைத் தாமே படித்துக் கற்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆண்டுக்கணக்கில் திரட்டினார். யாருக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு நாள், எவ்வளவு காய்ச்சல் என்று வரிசைப்படுத்தினார்.

பெரிய டாக்டர்கள் முதலில் காது கொடுக்கவில்லை. ஹெலன் தளரவில்லை. 1953-ம் ஆண்டில் புற்று நோய் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். தொடக்கப் பணம் 2,000 டாலர். கொடுத்தவர் நெல்சன் ராக்பெல்லர்.

இங்கே ஒரு விசித்திரம்! நெல்சனின் தந்தை ஜான் ராக்பெல்லர் ஜூனியர். கை வெட்டப்பட்டு இறந்தாளே பெஸ்ஸி, அவளுடைய நெருங்கிய தோழர் அவர்தான்.

1965-ம் ஆண்டு அமெரிக்கப் புற்று நோய்ச் சங்கம் கோலியின் மருந்தை, நிரூபிக்கப்படாத வைத்தியங்களின் பட்டியலில் சேர்த்தது. ஹெலன் போராடினார். 1975-ம் ஆண்டில் அந்தப் பட்டியலில் இருந்து பெயர் நீங்கியது.

ரத்தத்தில் ஓடும் தூதர்கள்

அதே 1975-ம் ஆண்டில் இன்னொரு செய்தியும் வந்தது. கோலி வேலை பார்த்த அதே மெமோரியல் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்தது. லாயிட் ஓல்டு, எலிசபெத் கார்ஸ்வெல் முதலியோர் எலிகளுக்குக் கிருமியின் நச்சுப் பொருளைச் செலுத்தினார்கள். பிறகு அந்த எலிகளின் ரத்தத்தில் இருந்து தெளிந்த நீரைப் பிரித்து, புற்றுக் கட்டி உள்ள வேறு எலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டி கறுத்துச் செத்தது!

கட்டியைக் கொன்றது கிருமி அல்ல. கிருமியைக் கண்டதும் உடம்பே தயாரித்த ஒரு பொருள். அதற்கு டி.என்.எப். என்று பெயர் வைத்தார்கள். கட்டியைச் சாகடிக்கும் பொருள் என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட பொருள்கள் இன்னும் பல உண்டு. இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6 என்று எண் போட்டு அழைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சைட்டோகைன் என்று பெயர். எளிமையாகச் சொன்னால், தூதர்கள்.

நம் உடம்பு ஒரு கோட்டை. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் காவல் வீரர்கள். எதிரி நுழைந்ததைப் பார்த்த வீரன் தூதர்களை அனுப்புகிறான். அவர்கள் ரத்தத்தோடு ஓடுகிறார்கள். மற்ற வீரர்களைத் தட்டி எழுப்புகிறார்கள். மூளைக்கும் தகவல் போகிறது. உடம்பின் சூட்டைக் கூட்டும்படி மூளை உத்தரவு போடுகிறது. உடம்பு நடுங்குகிறது. காய்ச்சல் ஏறுகிறது.

ஆக, காய்ச்சல் என்பது ரத்தத்தில் தூதர்கள் ஓடுகிறார்கள் என்பதற்கு அடையாளம்.

சூடும் சும்மா இருப்பதில்லை. அது தூதர்களுக்குத் திரும்ப உதவுகிறது. 2006-ம் ஆண்டு அமெரிக்காவில் பபலோ நகர விஞ்ஞானிகள், எலிகளின் உடம்பைக் காய்ச்சல் அளவுக்குச் சூடாக்கிப் பார்த்தார்கள். கழுத்து, அக்குள் முதலிய இடங்களில் நெறி கட்டுகிறதே, அந்தச் சுரப்பிகள்தான் வெள்ளை அணுக்களின் பாசறை. சூடு ஏறியதும் பாசறையின் வாசல் அகலத் திறந்தது போல ஆயிற்று. வெள்ளை அணுக்கள் அதிகமாக உள்ளே நுழைந்தன. வாசலைத் திறக்க உதவியது யார்? இன்டர்லூக்கின் 6 என்ற தூதர்!

காய்ச்சல் இல்லாமல் வெறும் சூட்டுக்கே இந்த வேலை நடக்குமா? 2017-ம் ஆண்டு இங்கிலாந்தில் சோதித்தார்கள். சில ஆண்களை 40 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ரத்தத்தைச் சோதித்தபோது இன்டர்லூக்கின் 6 கூடியிருந்தது. உடற்பயிற்சி செய்தாலும் அது கூடும்.

இதைப் படித்து விட்டு யாரும் வீட்டில் சோதனை செய்யக் கூடாது. தூதர்கள் அளவோடு இருந்தால் காவல். அளவு மீறினால் கோட்டையே சாயும். ரத்த அழுத்தம் விழும். உயிருக்கே ஆபத்து வரும். கோலி கண்ட இரண்டு மரணத்தை மறக்கக் கூடாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் போர்வையால் மூடிச் சூட்டைக் கூட்டக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கை பிழைத்தது!

கோலியின் மருந்தை இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகக் கொடுப்பதில்லை. ஆனால் அவர் காட்டிய வழியில் பலர் நடந்தார்கள்.

குழந்தை பிறந்ததும் தோளில் போடும் பி.சி.ஜி. ஊசி எல்லோருக்கும் தெரியும். அந்த மருந்தை மூத்திரப் பைக்குள் செலுத்தி, அங்கே தொடக்க நிலையில் உள்ள புற்று நோயைத் தடுக்கும் முறை 1976-ம் ஆண்டில் வெளியானது. இன்றும் அது நடைமுறையில் உண்டு. உடம்பின் காவல் வீரர்களைத் தட்டி எழுப்பும் அதே தந்திரம்தான். அந்த வீரர்களின் கட்டை அவிழ்த்து விட்டுப் புற்று நோயை எதிர்க்கச் செய்யும் வழி கண்ட இருவருக்கு 2018-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

சூடும் மருந்தோடு கை கோத்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 341 சார்க்கோமா நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும். மற்றப் பிரிவுக்கு மருந்தோடு கட்டி உள்ள இடத்தைச் சூடாக்கும் வைத்தியமும் உண்டு. கோலி செய்யாமல் விட்ட ஒப்பிடுதலை இவர்கள் செய்தார்கள். பத்து ஆண்டுக்குப் பிறகு கணக்கு இதுதான்: மருந்து மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 43 பேர் உயிரோடு. சூடும் சேர்த்துப் பெற்றவர்களில் 100-க்கு 53 பேர் உயிரோடு.

டி.என்.எப். என்ன ஆயிற்று? அதை உடம்பு முழுவதும் செலுத்தினால் நோயாளி தாங்க மாட்டார். அதனால் டாக்டர்கள் ஒரு வழி கண்டார்கள். சார்க்கோமா வந்த கையை அல்லது காலை இறுகக் கட்டி, அதன் ரத்த ஓட்டத்தை மட்டும் தனியே பிரித்து ஒரு இயந்திரத்தோடு இணைக்கிறார்கள். ரத்தத்தை இதமாகச் சூடாக்குகிறார்கள். அதில் டி.என்.எப்.பையும் புற்று நோய் மருந்தையும் கலந்து ஓட விடுகிறார்கள். பிறகு மருந்தைக் கழுவி எடுத்து விட்டு, பழையபடி ரத்த ஓட்டத்தைச் சேர்க்கிறார்கள். கட்டி சுருங்கினால் அதை மட்டும் அறுத்து எடுத்து விடலாம்.

1999-ம் ஆண்டில் ஐரோப்பா இதற்கு அனுமதி கொடுத்தது. வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று இருந்த பலருடைய கையும் காலும் பிழைத்தன.

ஹெலன் அந்தச் செய்தி வரும் வரை உயிரோடு இருந்தார். 2001-ம் ஆண்டு தமது 93-வது வயதில் காலமானார். அவர் தொடங்கிய கழகம் வில்லியம் கோலியின் பெயரால் விஞ்ஞானிகளுக்குப் பரிசு வழங்கி வருகிறது.

சூடு ஒரு பக்கம். தூதர் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து ஒரு கையைக் காப்பாற்றுகின்றன.

1890-ம் ஆண்டு நவம்பரில், 28 வயது டாக்டர் ஒருவர் 17 வயதுப் பெண்ணின் கையை வெட்டி எடுத்தார். வேறு வழி ஏதாவது இருக்காதா என்று தேடப் புறப்பட்டார். அந்த வழி திறக்க 109 ஆண்டு ஆயிற்று.